கேட்டலினாவின் வெள்ளைக் கப்பல் ஏன் கரைசேரவில்லை?

கலிபோர்னியாவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, லாஸ் ஏஞ்சல்ஸ் கரைக்கு எதிரே இருக்கும் கேட்டலினா தீவுக்கு ஒருநாள் போய்வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். தீவிலுள்ள அவலான் ஊரில் ஒரு கடைச் சுவரில் பெரிய வெள்ளைக் கப்பலின் பழைய படம் மாட்டியிருந்ததாம். "போர்க்காலத்தில் குவீன் மேரியைவிட அதிகச் சிப்பாய்களை ஏற்றிய கப்பல் இது, கடைசியில் மெக்சிகோவில் மூழ்கிவிட்டது" என்று கடைக்காரர் சொன்னாராம். குவீன் மேரி பிரிட்டனின் பிரம்மாண்டமான அட்லாண்டிக் பயணிக் கப்பல். இது உண்மையா என்று கேட்கிறீர்கள். படத்தில் கப்பலை ஒட்டித் தண்ணீரில் மிதக்கும், கன்னம் உப்பிய ஒரு பையன் யார் என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியைத் திரும்பப் படித்தால், உங்களை உறுத்துவது வேறு என்று படுகிறது. ஊரே கொண்டாடிய ஒரு கப்பலை அதே ஊர் எப்படிக் கைவிட்டது என்பதுதான் அது. அதற்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. நான் வரலாற்று ஆய்வாளன் இல்லை, கப்பல் இன்ஜினியர். முப்பத்துச் சொச்சம் வருடம் இன்ஜின் ரூமில் கழிந்தது. பயிற்சிக் காலத்தில் தூர் வாரும் ஒரு பழைய டிரெட்ஜர் கப்பலில் நீராவி இன்ஜினோடு மல்லுக்கட்டியிருக்கிறேன், அதற்கப்புறம் எல்லாம் டீசல்தான். நீங்கள் படத்தில் பார்த்த எஸ்.எஸ். கேட்டலினா என்ற நீராவிக் கப்பலில் நான் பயணம் செய்ததில்லை. நான் கடலுக்கு வந்த காலத்தில் அதன் ஓட்டமே முடியும் நிலையில் இருந்தது. பிறகு ஒரே ஒரு முறை, அது இருந்த கடைசிக் கோலத்தில் பார்த்தேன். அதைப் பின்னால் சொல்கிறேன். இயந்திரம் பற்றிச் சொல்வதை அனுபவத்திலிருந்தும், மற்றதைப் படித்ததிலிருந்தும் சொல்கிறேன்.

இந்தக் கப்பலின் கதை சூயிங் கம்மில் தொடங்குகிறது. கேட்டலினா தீவு முன்பு பேனிங் சகோதரர்கள் கையில் இருந்தது. 1915-இல் அவலானில் பெரிய தீ விபத்து. ஊரில் ஏறக்குறைய பாதி எரிந்துபோனது. கடனிலும் நஷ்டத்திலும் சிக்கிய சகோதரர்கள் 1919-இல் தீவை விற்றபோது வாங்கியவர் சிகாகோவின் வில்லியம் ரிக்லி ஜூனியர், சூயிங் கம் விற்றுப் பெரும் பணக்காரரான அதே ரிக்லி. தீவோடு தீவுக்கு ஓடிய கப்பல் கம்பெனியும் அவர் கைக்கு வந்தது. அதில் கேப்ரில்லோ என்ற மரக்கப்பல் இருந்தது. அது போதாதென்று, முன்பு மிச்சிகன் ஏரியில் ஓடிய வர்ஜீனியா என்ற கப்பலை வாங்கி, அவலான் என்று பெயர் மாற்றிக் கொண்டுவந்தார். அதுவும் போதவில்லை. சான் பெட்ரோவில் இருந்த லாஸ் ஏஞ்சல்ஸ் கப்பல் கட்டும் தளத்தில் புதிதாக ஒன்றைக் கட்டச் சொன்னார். செலவு பத்து லட்சம் டாலர். 1924 மே 3 அன்று கப்பல் தண்ணீரில் இறங்கியது, ஜூன் 30 அன்று முதல் பயணம். பெயர் கேட்டலினா, செல்லப்பெயர் 'பெரிய வெள்ளை ஸ்டீமர்'.

ரிக்லி கப்பலைக் கட்டியது கப்பலில் சம்பாதிக்க அல்ல. தீவில் இருந்த ஓட்டல், கண்ணாடி அடித்தளப் படகு, நிலம், 1929-இல் இருபது லட்சம் டாலரில் எழுப்பிய காசினோ எல்லாம் அவருடையவை. (காசினோ என்றதும் சூதாட்டம் என்று நினைக்காதீர்கள். அங்கே சூதாட்டமே நடந்ததில்லை. கீழே தியேட்டர், மேலே நடன மண்டபம், அவ்வளவுதான்.) அவருக்குச் சொந்தமான சிகாகோ கப்ஸ் பேஸ்பால் அணி 1921 முதல் வசந்தகாலப் பயிற்சிக்கு இங்கேதான் வந்தது, செய்தியாளர்களும் பின்னாலேயே வந்தார்கள். அதாவது தீவு ஒரு கடை, கப்பல் அந்தக் கடையின் வாசற்படி. வாசற்படிக்குத் தனியாக லாப நஷ்டக் கணக்கு எழுதமாட்டோம் அல்லவா? இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கப்பலின் முடிவு இந்த இடத்திலேயே ஒளிந்திருக்கிறது.

என் தொழிலுக்குப் பிடித்த பகுதியையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நீளம் 301 அடி, அகலம் 52 அடி, மொத்தக் கொள்ளளவு 1,766 டன். இரண்டு டிரிபிள் எக்ஸ்பான்ஷன் நீராவி இன்ஜின்கள், இரண்டு புரொப்பெல்லர், மொத்தம் 4,000 குதிரைத்திறன். ஒரே நீராவியை மூன்று தடவை வேலை வாங்கும் இன்ஜின் இது. பாய்லரிலிருந்து வரும் நீராவி முதலில் சிறிய சிலிண்டரைத் தள்ளும், அழுத்தம் குறைந்ததும் அதைவிடப் பெரிய சிலிண்டருக்குப் போகும், அப்புறம் எல்லாவற்றிலும் பெரியதற்கு. மூன்று தடவை பிழியப்பட்ட பிறகே குளிர்விக்கும் கண்டென்சருக்குப் போய்த் தண்ணீராகும். 1924-இல் டர்பைன், அதாவது பிஸ்டன் இல்லாமல் நீராவியே நேராக இறக்கைச் சக்கரத்தைச் சுழற்றும் இன்ஜின், புதிய சரக்கு இல்லை, வேகமான பெரிய கப்பல்களில் அது வந்து பல வருடம் ஆகியிருந்தது. பின்னே ஏன் பழைய வகை? ரிக்லியின் ஆட்கள் என்ன யோசித்தார்கள் என்று நான் எங்கும் படித்ததில்லை, என் அனுமானத்தைச் சொல்கிறேன். தினமும் போய்வரும் கப்பலுக்கு ஜெட்டியில் அணைவதும் விலகுவதும்தான் பெரிய வேலை. டர்பைன் ஒரு பக்கம் மட்டுமே சுற்றும், பின்னோக்கிப் போகத் தனி டர்பைன் வேண்டும், அதிலும் முழுச் சக்தி வராது. பிஸ்டன் இன்ஜினோ லீவரை மாற்றினால் சில நொடிகளில் அதே பலத்தோடு எதிர்ப்பக்கம் சுற்றும். இரண்டு மணி நேரச் சவாரிக்கு அது ஏற்ற இன்ஜின்தான்.

அகலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1915-இல் சிகாகோ ஆற்றில் ஈஸ்ட்லாண்ட் என்ற உல்லாசக் கப்பல், கரையில் கட்டியிருந்தபோதே கவிழ்ந்து 844 பேர் இறந்தார்கள். அதன் அகலம் 38 அடிதான். ரிக்லி அந்த ஊர்க்காரர். ஒன்பது வருடம் கழித்து அவர் கட்டிய கப்பல் 52 அடி அகலம். இரண்டையும் முடிச்சுப் போடும் ஆதாரம் எதையும் நான் கண்டதில்லை, தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் ஏறக்குறைய இரண்டாயிரம் பேரை ஏற்றும் கப்பலில், அவலான் விரிகுடா கண்ணில் பட்டதும் எல்லாரும் ஒரே பக்கக் கைப்பிடிக்கு ஓடுவார்கள். அந்த நேரத்தில் கீழே இன்ஜின் ரூமில் நிற்பவனுக்கு ஒவ்வொரு அடி அகலமும் ஆறுதல்.

பயணம் எப்படி இருந்தது என்பதற்கு ஏராளமான படங்களும் நினைவுகளும் இருக்கின்றன. காலையில் வில்மிங்டனில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. கப்பலிலேயே பேண்ட் வாத்தியம், நடனம், குழந்தைகளுக்குக் கோமாளி. தீவை நெருங்கும்போது 'மிஸ் கேட்டலினா' என்ற வேகப்படகுகள் எதிர்கொண்டு வந்து கப்பலைச் சுற்றி நுரை கிளப்பும். ஊரில் பாதிப்பேர் ஜெட்டியில் நிற்பார்கள், பாட்டோடு வரவேற்பு. மாலையில் கிளம்பும்போது கப்பலுக்கும் கரைக்கும் இடையே வண்ணக் காகித ரிப்பன்கள், கப்பல் நகர நகர ஒவ்வொன்றாக அறுந்து விழும். தினமும் நடந்த கூத்து இது. சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தார்களா, மனத்தோடு செய்தார்களா என்று கேட்டால், இரண்டும்தான் என்பேன். கப்பல் வந்தால்தான் அந்த ஊரில் அடுப்பு எரியும்.

சரி, போர்க் கணக்குக்கு வருவோம். 1941 டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கியதும் தீவுக்குச் சுற்றுலா நின்றது. 1942 ஆகஸ்ட்டில் ராணுவம் கேட்டலினா கப்பலை எடுத்துக்கொண்டது. வெள்ளைக் கப்பலுக்குச் சாம்பல் வண்ணம், பெயருக்குப் பதில் எஃப்எஸ்-99 என்ற எண். கூட ஓடிய கேப்ரில்லோவுக்கு எஃப்எஸ்-100. வேலை சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில். பசிபிக் போர்முனைக்குப் போகும் சிப்பாய்கள் கேம்ப் ஸ்டோன்மேன் என்ற முகாமில் கூடுவார்கள். அங்கிருந்து ஆற்று வழியாகவும் விரிகுடா வழியாகவும் அவர்களைப் பெரிய கப்பல்கள் நிற்கும் துறைக்குக் கொண்டுவிட வேண்டும். போர் முடியும்வரை இப்படி ஏற்றியவர்கள் 8,20,199 பேர் என்று பதிவு. இந்த எண் நம்பக்கூடியதா? நான்கு வருடம் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்குச் சராசரி 560 பேர்தான் வருகிறது. இரண்டாயிரம் பேரை ஏற்றும் கப்பலுக்கு இது சாதாரணம். ஆகவே எண் நம்பக்கூடியதுதான்.

குவீன் மேரி ஏற்றியதை ஏழரை லட்சத்துக்கு மேல் என்றும் எட்டு லட்சத்துக்கு மேல் என்றும் கணக்குச் சொல்கிறார்கள். எந்தக் கணக்கை எடுத்தாலும் கேட்டலினாவின் எண் சற்று மேலேதான் நிற்கிறது. எனவே கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒப்பீடுதான் நியாயமில்லை. குவீன் மேரி 1943 ஜூலையில் ஒரே பயணத்தில் மாலுமிகளையும் சேர்த்து 16,683 பேரோடு அட்லாண்டிக்கைக் கடந்தது. கேட்டலினா ஒரே விரிகுடாவுக்குள் திரும்பத் திரும்பப் போய்வந்தது. டவுன் பஸ் ஏற்றிய தலைகளை எக்ஸ்பிரஸ் ரயில் ஏற்றிய தலைகளோடு ஒப்பிடுவதுபோலத்தான் இது. அதற்காக அந்த வேலை சின்னது என்று ஆகிவிடாது. பசிபிக் போருக்குப் போன எத்தனையோ பையன்களுக்குச் சொந்த நாட்டுக்குள் செய்த கடைசிப் பயணம் இதில்தான். சில வருடம் முன்பு இதே கப்பலில் காதலியோடு அவலானுக்குப் போனவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள்.

இன்னொரு எண்ணும் உங்கள் கண்ணில் பட்டிருக்கலாம்: தீவுக்கு ஓடிய காலத்தில் மொத்தம் இரண்டரைக் கோடிப் பயணிகள் என்பது. இதை நான் அப்படியே விழுங்கமாட்டேன். 1924 முதல் 1975 வரை, போர் வருடங்களைக் கழித்தால், 48 பருவங்கள் வரும். வருடத்துக்கு ஐந்து லட்சத்துக்கு மேல் ஏற்றியிருக்க வேண்டும். போக இரண்டாயிரம், வர இரண்டாயிரம் என்று ஒவ்வொரு நாளும் கப்பல் நிரம்பி வழிந்தாலும் வருடத்துக்கு 130 நாள். முப்பதுகளின் கோடையில், கூட்ட நாளில் இரண்டு நடை அடித்தபோது இது சாத்தியம். கடைசிப் பதினைந்து வருடம் கப்பல் கோடையில் மட்டுமே ஓடியது, தினமும் நிரம்பவும் இல்லை. கம்பெனியின் மூன்று கப்பல்களின் கணக்கும் ஒன்றாகச் சேர்ந்திருக்குமோ என்பது என் சந்தேகம். கோடிக்கணக்கில் என்று சொன்னால் தவறில்லை, அதற்கு மேல் எண்ணைப் பிடித்துத் தொங்க வேண்டாம்.

1946-இல் மறுபடி வெள்ளை அடித்துக்கொண்டு வந்தது கப்பல். ஆனால் காலம் மாறியிருந்தது. ரிக்லி 1932-இலேயே இறந்துவிட்டார், பொறுப்பு மகன் பிலிப்பிடம். 1951-இல் கப்ஸ் அணி தீவுக்கு வருவதை நிறுத்தியது, அதே வருடம் அவலான் கப்பலும் ஓய்ந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ்காரர்களிடம் கார் வந்துவிட்டது, விடுமுறைக்குப் போக எத்தனையோ இடம். 1960-ஐ ஒட்டி ரிக்லி குடும்பம் கேட்டலினா கப்பலை மட்டும் வேறொரு கம்பெனிக்கு விற்றது. கப்பலின் தலையெழுத்து இங்கே எழுதப்பட்டது என்பேன். 1975-இல் ஓட்டம் நின்றதையோ, மெக்சிகோவில் மூழ்கியதையோ நான் அவ்வளவு பெரிதாக நினைக்கவில்லை. அதுவரை டிக்கெட்டில் விழுந்த துண்டு ஓட்டலிலும் நடன மண்டபத்திலும் தானாக நிரம்பியது. புதிய முதலாளிக்கு ஓட்டல் இல்லை, மண்டபம் இல்லை, நிலம் இல்லை, கையில் டிக்கெட் மட்டும். வாசற்படியை மட்டும் வாங்கியவர் என்ன செய்வார்?

டிக்கெட்டை மட்டும் வைத்து ஒரு நீராவிக் கப்பலை ஓட்டுவது எவ்வளவு சிரமம் என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. டீசல் படகில் காலையில் வந்து ஸ்டார்ட் செய்தால் அரைமணியில் கிளம்பிவிடலாம். நீராவிக் கப்பலில் பாய்லரைக் குளிர்ந்த நிலையிலிருந்து மெதுவாகச் சூடாக்க வேண்டும், அவசரப்பட்டால் இரும்பு விரிவதில் இணைப்புகள் போய்விடும். அதற்கே பல மணி நேரம். அதனால் பருவம் முழுக்க, கப்பல் சும்மா நிற்கும் இரவிலும் நெருப்பு எரிய வேண்டும், பாய்லர் அருகே ஆள் நிற்க வேண்டும். இன்ஜினியர்கள், ஃபயர்மேன்கள், எண்ணெய் விடுபவர்கள் என்று கீழேயே ஒரு பட்டாளம். சட்டப்படி வேண்டிய தலை எண்ணிக்கையைக் குறைக்க முடியாது. அப்புறம் கோடை முடிந்து எட்டு ஒன்பது மாதம் கப்பலைக் கட்டிப்போட்டால் துரு தின்ன ஆரம்பிக்கும். ஓடும் பாய்லரைவிட நிற்கும் பாய்லருக்குத்தான் வியாதி அதிகம் என்று எங்கள் பழைய சீஃப் இன்ஜினியர் சொல்வார். இந்தப் பக்கம் சின்னச் சின்ன டீசல் படகுகள் கொஞ்சம் ஆட்களோடு, வருடம் முழுக்க, வேகமாகவும் போக ஆரம்பித்துவிட்டன. நீங்கள் போன படகு ஒரு மணி நேரத்தில் கொண்டுவிட்டிருக்குமே? அந்தப் போட்டியில் வெள்ளை ஸ்டீமர் நிற்க முடியாது. 1975 கோடையே கடைசி. அதே வருடம் ரிக்லி குடும்பம் தீவின் 88 சதவீத நிலத்தை ஓர் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்தது. தீவு பிழைத்துக்கொண்டது, அதன் கப்பல் ஜெட்டியில் நின்றது.

1976-இல் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் பெயர் ஏறியது. பட்டியலில் ஏறினால் மரியாதை உண்டு, பெயின்ட் அடிக்கப் பணம் வராது. 1977 பிப்ரவரியில் கப்பல் ஏலத்துக்கு வந்தது. பெவர்லி ஹில்ஸைச் சேர்ந்த ஒரு ரியல் எஸ்டேட்காரர், மனைவிக்குக் காதலர் தினப் பரிசாக 70,000 டாலருக்கு எடுத்தார். சிரிக்காதீர்கள், உண்மைதான். பத்து லட்சம் டாலர் கப்பல் அந்த விலைக்குப் போனது அதிர்ஷ்டம் அல்ல, எச்சரிக்கை. கப்பலுக்கு வாங்கும் விலை ஒரு பொருட்டே இல்லை, நிறுத்தி வைக்கும் வாடகையும் காவலும்தான் ஆளைக் கொல்லும். அதற்கப்புறம் ஓர் இடத்தில் நிலைக்கவில்லை. துறைமுகக் கட்டணத் தகராறு, கட்டிய கயிறு அறுந்து மிதந்த சம்பவங்கள், அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே இழுபறி. கடைசியில் 1985-இல் மெக்சிகோவின் என்செனாடா துறைமுகத்துக்கு இழுத்துப் போனார்கள். உணவகம், டிஸ்கோ என்று கொஞ்ச நாள் முயன்று பார்த்து அதுவும் படுத்துவிட்டது. 1997-இல் ஒருபக்கம் சாய்ந்து துறைமுகத்தின் தரையில் உட்கார்ந்தது.

நான் பார்த்தது அதற்குச் சில வருடங்களுக்குப் பிறகு, எங்கள் கப்பல் என்செனாடாவுக்குப் போனபோது. மேல்தளம் முழுக்க நீர்ப்பறவைகளின் எச்சம். புகைபோக்கியில் வண்ணம் எது, துரு எது என்று தெரியவில்லை. இன்ஜின் ரூம் இருக்க வேண்டிய இடம் தண்ணீருக்குள். இது எப்படி நடந்திருக்கும் என்று என் தொழில்முறையில் சொல்கிறேன், அதிகாரபூர்வ விசாரணை முடிவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கட்டிப்போட்ட கப்பல் பெரும்பாலும் புயலில் மூழ்குவதில்லை, கசிவில்தான் மூழ்கும். புரொப்பெல்லர் ஷாஃப்ட் வெளியே போகும் இடத்தில் எப்போதும் சொட்டுத் தண்ணீர் உள்ளே வரும். கடல்நீர் எடுக்கும் வால்வுகள் துருப்பிடித்து இற்றுப்போகும். ஓடும் கப்பலில், அடித்தளத்தில் தேங்கும் தண்ணீருக்கான பில்ஜ் பம்ப் அதை இறைத்துக்கொண்டே இருக்கும். பம்ப் ஓடக் கரண்ட் வேண்டும், கரண்டுக்குப் பணம் வேண்டும், பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். மூன்றில் ஒன்று நின்றாலும் போதும்.

அதை மீட்டுக் கொண்டுவர ஓர் ஆர்வலர் சங்கம் வருடக்கணக்கில் பாடுபட்டது. ஆனால் அப்போதே காலம் கடந்துவிட்டது என்பது என் கருத்து. மூழ்கிய கப்பலைத் தூக்குவது ஒரு செலவு, தூக்கியதும் கடல்நீரில் ஊறிய இரும்பு காற்றுப்பட்டு வேகமாக உதிரும், அது இன்னொரு செலவு. 2009-இல் அங்கேயே துண்டு துண்டாக வெட்டி எடுத்தார்கள்.

குவீன் மேரி மட்டும் எப்படித் தப்பியது என்றால், அதை 1967-இல் வாங்கியது லாங் பீச் நகராட்சி, 34.5 லட்சம் டாலர் கொடுத்து. நகரத்துக்கு எண்ணெய் வருமானம் இருந்தது. அப்படியும் பழுதுச் செலவில் இன்றுவரை விழி பிதுங்குகிறது. சில ஆயிரம் பேர் வாழும் அவலானுக்கு அந்த வசதி ஏது? ஆனால் பணம் மட்டும்தான் காரணம் என்றும் நான் சொல்லமாட்டேன். ஸ்காட்லாந்தில் கிளைடு ஆற்றுமுகத்தின் தீவு ஊர்களுக்கு ஓடிய வேவர்லி என்ற துடுப்புச் சக்கர நீராவிக் கப்பலை 1974-இல் ஓர் ஆர்வலர் சங்கத்துக்கு ஒரே ஒரு பவுண்டுக்குக் கொடுத்தார்கள். 1975-இல், கேட்டலினா நின்ற அதே வருடம், அது மறுபடி பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடியது, அதன் பிறகும் பல பத்தாண்டுகள் ஓடியது. வேவர்லி சின்னக் கப்பல், கேட்டலினாவில் பாதிகூட இல்லாத டன். அது ஒரு வசதி. அதைவிட முக்கியம், பாய்லர் ஆறுவதற்குள் கைமாறியது, கைமாறியதும் ஓட ஆரம்பித்தது. கேட்டலினா விஷயத்தில் அன்புள்ளவர்கள் ஒன்றுசேர்ந்தபோது கப்பலில் மிச்சமிருந்தது வெளித்தோல்தான்.

அந்தப் பையனை மறக்கவில்லை. அவன் காசுக்கு முங்குபவன். கப்பல் ஜெட்டியை அணையும்போது உள்ளூர்ப் பையன்கள் நீந்தி வந்து கூச்சலிடுவார்கள், பயணிகள் மேல்தளத்திலிருந்து சில்லறையை வீசுவார்கள். தண்ணீருக்குள் காசு நேராக விழாது, இலை மாதிரி அசைந்தாடிக்கொண்டே இறங்கும், அதனால் தரையைத் தொடுவதற்குள் பிடித்துவிடலாம். அடுத்த காசுக்குப் பாய இரண்டு கையும் வேண்டுமே, நீச்சல் உடையில் பையும் கிடையாது. எனவே பிடித்ததையெல்லாம் வாயில் அடக்கிக்கொள்வார்கள். உப்பிய கன்னம் அன்றைய வசூல்.